வல்லூறு குரலில் ஒரு கரிச்சான்

மாலை ஐந்தரை தாண்டியதும் மறைமலைநகர் காமராஜர் ரயில் நிலையத்தில் மின்சார ரயிலிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு ஓடுகிறது. தலைக்கு மேலே இன்னொரு கூட்டமும் அதே நேரத்தில்தான் வீடு திரும்புகிறது. ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்காகக் கடந்து, ஐந்தும் பத்துமாக, நீள வால் பின்னால் நீட்டியிருக்க, 'கீ... கீ...' என்று ஓயாமல் கத்திக்கொண்டு போகும் பச்சைக்கிளிகள். ராத்தங்கும் மரத்தை அடைந்த பிறகும் இருட்டும்வரை அந்தச் சத்தம் அடங்குவதில்லை. யார் எந்தக் கிளையில் உட்காருவது என்பதில் அவ்வளவு சச்சரவு. இத்தனை பேச்சிலும் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது.

செங்கல்பட்டுப் பக்கத்து வயல்வெளிகளில் தலை போய் நிற்கும் மொட்டைப்பனைகளின் பொந்துகளில் இந்தக் கிளிகள் முட்டையிடுகின்றன. தை, மாசி வாக்கில் யாராவது ஏறி, சரியாக இறகு முளைக்காத குஞ்சை எடுத்துவந்து, ஊறவைத்த கடலையும் கொய்யாவும் கொடுத்து வளர்த்தால், சில மாதங்களில் அது 'அக்கா' என்கிறது. 'யாரு?' என்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் 'வாங்க வாங்க' என்கிறது. இனம் ஒன்று, தொண்டை ஒன்று, நாக்கு ஒன்று. வானத்தில் போவது பேசவில்லை. கூண்டில் இருப்பது பேசுகிறது. ஏன்? பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில் மயங்கித்தான் இதில் விழுகிறார்கள். என்னை இழுத்தது இந்தக் கேள்வி.

நம் ஊர்க் கிளியின் பேச்சுக்கு உலகப் புகழ் வந்து 2,400 ஆண்டுகள் ஆகின்றன. பாரசீக அரசவையில் வைத்தியராக இருந்த கிரேக்கர் டீசியஸ், இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில் ஒரு பறவையை வர்ணிக்கிறார். அது இந்தியரைப் போலவே இந்திய மொழி பேசுமாம். கிரேக்கம் கற்றுக்கொடுத்தால் கிரேக்கமும் பேசுமாம். நிறங்களை அவர் சொல்வதைப் பார்த்தால் நம் செந்தலைக்கிளி மாதிரி இருக்கிறது. அடுத்து அரிஸ்டாட்டில். இந்தியப் பறவையான கிளி, ஒயின் குடித்துவிட்டால் இன்னும் அடாவடி செய்யும் என்று எழுதி வைத்தார். ரோமானியரான பிளினி, கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட பச்சைப் பறவை மன்னருக்கு வணக்கம் சொல்லும் என்கிறார். கூடவே, பேசக் கற்றுக்கொடுக்கும்போது அதன் தலையில் இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காது என்று ஒரு யோசனை வேறு. கிளி படும் பாடு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

நம் கதைகளில் கிளிக்கு இதைவிட மரியாதை அதிகம். மண்டன மிஸ்ரரின் வீடு எது என்று ஆதிசங்கரர் வழி கேட்டபோது, எந்த வீட்டு வாசலில் கிளிகள் வேதத்தின் பிரமாணத்தைப் பற்றி விவாதம் செய்கின்றனவோ அதுதான் என்று பதில் வந்ததாக ஒரு கதை உண்டு. திருவண்ணாமலையில் கிளி கோபுரம் இருக்கிறது. அருணகிரிநாதர் கிளியுருவில் தங்கிய இடம் என்கிறார்கள். மதுரை மீனாட்சி கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளிடமும் கிளி, அதுவும் தினமும் இலைகளால் புதிதாகச் செய்யப்படும் கிளி. ஆனால் அதே ஆண்டாள், திருப்பாவையின் ஏழாம் பாட்டில் வேறொரு பறவையைக் கொண்டு வருகிறாள். விடியலில் ஆனைச்சாத்தன்கள் கூடிப் பேசுகிற சத்தம் உனக்குக் கேட்கவில்லையா என்று தோழியை எழுப்புகிறாள். அங்கே பறவைகள் நம்மிடம் பேசவில்லை, தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. ஆனைச்சாத்தனை வலியன் என்று அடையாளம் காட்டுவார்கள். வலியன் என்றால் நம் கரிச்சான், இரட்டைவால் குருவி. இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அவன்தான். அவனிடம் போகுமுன் கிளியின் கணக்கை முடித்துவிடலாம்.

நமக்குக் குரல் பிறக்கும் இடம் தொண்டை. பறவைக்கு அது இன்னும் கீழே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகும் கவட்டில், நெஞ்சுக்குள் இருக்கிறது. இரண்டு கிளையிலும் தனித்தனியாக ஒலி எழுப்பக்கூடிய பறவைகள் உண்டு. கிளிக்கு இதோடு சதைப்பற்றுள்ள தடித்த நாக்கும் சேர்ந்துகொள்கிறது. அந்த நாக்கைச் சிறிதளவு முன்னே பின்னே நகர்த்தினாலே வெளிவரும் ஒலி மாறிவிடுகிறது என்று 2004-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாம் 'ஆ'வுக்கும் 'ஈ'க்கும் நாக்கை மாற்றி வைக்கிறோமே, அந்த வேலைதான். நாக்குத் திருந்தப் பச்சை மிளகாய் கொடுப்பது நம் வீடுகளின் பழைய வைத்தியம். மிளகாயின் காரம் நமக்கும் எலிக்கும்தான் எரியும். பறவையின் நரம்புக்கு அது உறைப்பதே இல்லை. கிளிக்கு அது இன்னொரு காய், அவ்வளவுதான்.

வசதி இருக்கிறது சரி, அவசியம் எங்கிருந்து வருகிறது? வெனிசுலாவில் சின்னஞ்சிறு கிளி இனம் ஒன்றை வருடக்கணக்கில் கவனித்த கார்ல் பெர்க் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். ஒவ்வொரு கிளிக்கும் தனக்கென்று ஒரு கூப்பிடு குரல் இருக்கிறது, கிட்டத்தட்டப் பெயர் மாதிரி. அதைக் குஞ்சு தாய் தகப்பனிடமிருந்து கேட்டுப் பழகுகிறது. கூடுகளுக்கிடையே முட்டைகளை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பெற்றவர்களின் சாயலில் அல்ல, வளர்த்தவர்களின் சாயலில்தான் குஞ்சு தன் பெயரைச் சொன்னது. ஆக, கேட்டுப் பழகுவது கிளிக்கு விளையாட்டல்ல. கூட்டத்தில் ஒருவனாகச் சேர்வதற்கான நுழைவுச் சீட்டு. மொட்டைப்பனையிலிருந்து எடுத்து வந்த குஞ்சுக்குக் கூட்டமே கிடையாது. அந்த வீட்டின் அக்காவும் தாத்தாவும் டி.வி. சீரியலும்தான் கூட்டம். அந்தக் கூட்டத்தின் பாஷை தமிழ். அதனால் அது 'அக்கா' என்கிறது. நாம் கைதட்டுகிறோம்.

ஐரீன் பெப்பர்பெர்க் வளர்த்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அலெக்ஸ், நூறு சொற்களுக்கு மேல் கற்று, நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் கேட்டால் சொல்லி, 2007-ல் செத்துப்போனபோது உலகப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. அது பெரிய அறிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவு காட்டில் எதற்குப் பயன்பட்டிருக்கும் என்பதை நாம் கேட்க மறந்துவிடுகிறோம்.

காட்டுப் பறவை மனிதச் சொல் பேசிய செய்திகள் அபூர்வமாக வரத்தான் செய்கின்றன. 2011-ல் சிட்னியில், பூங்காக்களில் திரியும் கொண்டைக்கிளிகள் திடீரென்று 'ஹலோ காக்கி' என்று மேலிருந்து குரல் கொடுப்பதாக மக்கள் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குப் போன் போட்டார்கள். கூண்டிலிருந்து தப்பிய வளர்ப்புக் கிளிகள் காட்டுக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்து, சொல்லித் தந்த வார்த்தைகளை அங்கேயும் பரப்பிவிட்டன என்று அங்கிருந்த வல்லுநர்கள் விளக்கினார்கள். கெட்ட வார்த்தைகளும் அதில் இருந்தன என்பது உபரித் தகவல். அதே நாட்டில், கான்பெரா அருகே டிட்பின்பில்லா சரணாலயத்தில் 'ரிப்பர்' என்று ஒரு கஸ்தூரி வாத்து இருந்தது. 1987-ல் அதன் குரலைப் பீட்டர் ஃபுல்லகர் ஒலிப்பதிவு செய்தார். கோபம் வந்தால் அது ஆங்கிலத்தில் 'அட முட்டாளே' என்று திட்டும். வளர்த்தவர் யாரோ அப்படித் திட்டியிருக்க வேண்டும். 2021-ல் ஓர் ஆய்விதழ் அதை வெளியிட்ட பிறகு உலகமே கேட்டுச் சிரித்தது. ரிப்பரும் மனிதர் கையில் வளர்ந்ததுதான். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் முனையில் ஒரு கூண்டு வந்துவிடுகிறது.

இதில் மிக ஆச்சரியமான சாட்சி மலை மைனா. கூண்டில் மனிதக் குரலை அப்படியே பேசுவதில் கிளியையும் மிஞ்சியது. தொலைபேசியில் பேசவிட்டால் மனிதர் என்றே நம்பலாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது, வடகிழக்கிலும் இருக்கிறது. இப்பேர்ப்பட்ட வித்தைக்காரன் காட்டில் யார் யார் குரலையெல்லாம் எடுப்பானோ என்று பிரையன் பெர்ட்ராம் என்ற ஆய்வாளர் அசாமில் போய்ப் பார்த்தார். 1970-ல் வெளிவந்த முடிவு: காட்டு மலை மைனா வேறு எந்தப் பறவையின் குரலையும் எடுப்பதில்லை. அக்கம்பக்கத்து மலை மைனாக்களின் குரலை மட்டும் எடுக்கிறது. அதிலும் ஆண் ஆணுடையதை, பெண் பெண்ணுடையதை. காட்டில் அதற்கு வேண்டியவர்கள் அவ்வளவுதான். மனிதன் வேண்டியவன் ஆவது அவன் மட்டுமே மிஞ்சும்போது.

அப்படியானால் சுதந்திரமான பறவை எதுவும் மிமிக்ரி செய்வதில்லையா என்று கேட்டால், இப்போது கரிச்சான் உள்ளே வரலாம்.

கம்பி மேல் ஒரு கில்லாடி

மறைமலைநகரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு என்று தெற்கே போகப் போக, மனைப்பிரிவுக் கற்களுக்கு நடுவே இன்னும் சில வயல்கள் மிச்சம் இருக்கின்றன. அங்கே மின்கம்பியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பான். உடம்பு முழுக்கப் பளபளக்கும் கறுப்பு. வால் நுனியில் ஆழமாகப் பிளந்து இரண்டு பக்கமும் லேசாக வெளியே வளைந்திருக்கும். பைனாகுலரில் பார்த்தால் வாயோரம் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவதில் ஊரில் அவனுக்கு நிகர் இல்லை. ஆண்டாளுக்கு அது தெரிந்திருந்தது. எடை ஒரு கோழிமுட்டையளவுகூட வராது. ஆனால் கூடு கட்டியிருக்கும் மரத்துப் பக்கம் காகமோ பருந்தோ வந்தால் மேலேறிப் போய் முதுகில் கொத்தி விரட்டுவான். அந்த தைரியத்தை நம்பி மற்ற சிறு பறவைகள் அதே மரத்தில் கூடு கட்டுவதுண்டு.

உழவு ஓடும் நாளில் இவனைப் பார்க்க வேண்டும். டிராக்டர் புரட்டிப் போடும் மண்ணில் புழுவும் வெட்டுக்கிளியும் துள்ள, மைனாக்கள் கூட்டமாக இறங்கிப் பொறுக்குகின்றன. கரிச்சான் கம்பியில் இருந்தபடியே பார்க்கிறான். பறக்கும் பூச்சியை அந்தரத்திலேயே பிடிப்பது அவனது சொந்தத் தொழில். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து மைனா இழுத்தெடுத்த கொழுத்த புழுவைப் பார்த்ததும் அவனுக்கு வேறு யோசனை வருகிறது. கம்பியிலிருந்து வல்லூறின் குரல் கேட்கிறது. 'க்கி-க்கீ... க்கி-க்கீ'. வல்லூறை வைரி என்றும் சொல்வார்கள். மரத்துக்கு மரம் தாழப் பறந்து வந்து சிறு பறவைகளை அடித்துத் தூக்கும் அந்தப் பறவையின் குரல் கேட்டால் மைனாக்கள் இரண்டாவது தடவை யோசிப்பதில்லை. அப்படியே போட்டுவிட்டுப் பறக்கின்றன. வல்லூறு எங்கும் இல்லை. புழு மட்டும் தரையில் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளக் கரிச்சான் இறங்கி வருகிறான்.

கரிச்சான் வல்லூறு குரல் எடுப்பதை இந்தியப் பறவையியலாளர்கள் வெகுகாலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மைனாக்களை விரட்டி உணவைப் பறிக்கத்தான் இந்த வேஷம் என்பது அவர்கள் கருத்து. இதைத் துல்லியமாகக் கணக்குப் போட்டுக் காட்டியது, ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்தில் வாழும் இன்னொரு கரிச்சான் இனத்தை ஆராய்ந்த டாம் ஃபிளவர். அங்கே ஏமாறுகிறவர்கள் தவிட்டுக்குருவி வகைப் பறவைகளும், கீரிக்குச் சொந்தக்காரரான மீர்கேட்டும். முதலில் கரிச்சான் நியாயமாக நடந்துகொள்கிறது. நிஜமாகவே கழுகு வரும்போது எச்சரிக்கைக் குரல் கொடுக்கிறது. எல்லோரும் அதை நம்பப் பழகுகிறார்கள். யாராவது நல்ல இரையைப் பிடித்ததும் பொய்யாக ஒரு குரல். போட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் செல்லாது என்பதும் அதற்குத் தெரியும். கரிச்சானின் குரல் எடுபடவில்லையா, ஏமாறுகிறவர்களின் சொந்த எச்சரிக்கைக் குரலையே எடுத்து விடுகிறது. அந்தக் கரிச்சான்களிடம் ஐம்பது வகை எச்சரிக்கைக் குரல்கள் இருந்தன; பெரும்பாலானவை மற்றவர்களிடமிருந்து சுட்டவை. அன்றாட உணவில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு இப்படித் தட்டிப்பறித்தது. 2014-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையின் கீழ்ப்பகுதியில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் பயமில்லாமல் விளையாடுகின்றன. மகாபாரதத்தில் வரும் போலிச் சாமியார்ப் பூனையின் கதை அது. முதலில் நம்பிக்கையைச் சம்பாதிப்பது, பிறகு சாப்பிடுவது. பல்லவச் சிற்பி கரிச்சானைக் கவனித்திருந்தால் பூனைக்கு மேலே ஒரு கிளையில் அவனுக்கும் இடம் கொடுத்திருப்பான்.

திருட்டு மட்டும்தான் மிமிக்ரியின் பயன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் ஈபன் குடேலும் பேராசிரியர் சரத் கொட்டகமவும் துடுப்புவால் கரிச்சானை ஆராய்ந்து 2006-ல் எழுதியவை அருமையானவை. மழைக்காடுகளில் பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து, இலை இலையாகப் பூச்சி தேடி நகரும். கரிச்சான் அந்தப் பறவைகளின் சாதாரணக் குரல்களை எடுத்துக் கூட்டத்தைச் சேர்க்கிறது. ஆபத்து என்றால் அவற்றின் அபாயக் குரல்களையே எடுக்கிறது. இடம் பார்த்துக் குரல் மாற்றுகிறது. கூட்டம் சேர்ந்தால் பூச்சி கிளம்பும், பூச்சி கிளம்பினால் கரிச்சானுக்குச் சாப்பாடு. இந்தத் துடுப்புவாலைப் பார்க்க நாம் மலைக்காட்டுக்குத்தான் போக வேண்டும். சமவெளியில் இரட்டைவாலனோடு திருப்தி அடையலாம். பனிக்காலத்தில் சாம்பல் கரிச்சானும் விருந்தாளியாக வருகிறது.

மறைமலையடிகள் 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். வேதாசலம் என்ற தன் பெயரையே மாற்றிக்கொண்டவர். பிறமொழி கலவாமல் பேசு என்று வாழ்ந்தவரின் பெயர் கொண்ட ஊரில், கரிச்சான் காலையில் தன் பேச்சில் வல்லூறின் பாஷையைக் கலந்து, அந்தக் கலப்பாலேயே வயிறு வளர்க்கிறான். அடிகள் கோபிப்பாரா சிரிப்பாரா என்று எனக்கு அவ்வப்போது யோசனை.

கரிச்சான் ஒருவன்தான் என்றில்லை. புதர்க்காடு மிச்சமிருக்கும் குன்றுகளில் இலையோடு இலையாக மறைந்திருக்கும் பச்சைச்சிட்டு, ஒரு நிமிஷத்துக்குள் சின்னான், மைனா, தையல்சிட்டு என்று வரிசையாகக் குரல் மாற்றும். ஆறு பறவை இருக்கிறது என்று நினைத்துத் தேடினால் ஒன்றே ஒன்று இருக்கும். முள்வேலியில் உட்கார்ந்து பூச்சியை முள்ளில் குத்திவைக்கும் கீச்சான்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வந்து சேரும் நாணல் கதிர்க்குருவி, வேலிப் புதருக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும். பார்க்க ஒன்றுமே இல்லாத, மண்ணும் பாசியும் கலந்த நிறம். நம் ஊரில் இப்படி ஊமைக்கோட்டானாக இருப்பது, பங்குனி சித்திரையில் வடக்கே ரஷ்யா, பின்லாந்து பக்கம் போனதும் ராத்திரி முழுக்கப் பாடும், அடுத்தவர் பாட்டையெல்லாம் சேர்த்துப் பாடும். அதன் பங்காளியான சதுப்பு நாணல் கதிர்க்குருவியைப் பிரான்சுவாஸ் டௌசெட்-லெமேர் 1979-ல் ஆராய்ந்தார். ஐரோப்பாவில் கூடு கட்டி, குளிர்காலத்தில் ஆப்பிரிக்கா போய் வரும் பறவை அது. ஒவ்வொன்றும் சராசரியாக 76 இனங்களின் குரல்களைத் தன் பாட்டில் கோத்து வைத்திருந்தது. அதில் ஆப்பிரிக்கப் பறவைகளின் குரல்களும் ஏராளம். ஒரு ஐரோப்பியத் தோட்டத்தில் உட்கார்ந்து அது பாடுவதைக் கேட்டால் எந்தெந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் தங்கிவிட்டு வந்தது என்று சொல்லிவிடலாம்.

காதைக் கொண்டு போங்கள்

பறவை பார்ப்பது என்றாலே பெரிய லென்ஸ் வைத்த கேமரா என்று ஆகிவிட்டது. படம் எடுப்பவர்களிடம் எனக்குச் சண்டை ஏதும் இல்லை. ஆனால் பாதிப் பறவை காதில்தான் முதலில் விழுகிறது. ஒரு நோட்டு, 8x42 அளவில் சுமாரான ஒரு பைனாகுலர், காலை ஆறிலிருந்து எட்டுவரை. ஆரம்பத்துக்கு இது போதும். தெரிந்த பத்துப் பறவைகளின் குரலை உறுதியாகப் பழகிக்கொண்டால், பதினோராவது குரல் தானே காதை இழுக்கும்.

அப்படிக் கேட்கத் தொடங்கினால் வேடிக்கையான ஒன்று புரியும். பறவைக்குப் பேசக் கற்றுத்தருவதைவிட, பறவையின் வாயில் வார்த்தையைத் திணிப்பதில்தான் நாம் கெட்டிக்காரர்கள். அக்காக்குயிலின் குரலில் 'அக்கா, அக்கா' கேட்டது நம் ஊர். அதே பறவையிடம் மராத்தியருக்கு 'மழை வந்தது' கேட்கிறது, இந்திக்காரருக்கு 'காதலன் எங்கே' கேட்கிறது, வெள்ளைக்காரருக்கு மூளைக்காய்ச்சல். ஆள்காட்டிக் குருவி ராத்திரியில் 'டிட் யூ டூ இட்' என்று குற்றம் சாட்டுவதாக ஆங்கிலம் படித்த எல்லோரும் நம்புகிறோம். எதிர்ப்பக்க மிமிக்ரியும் உண்டு. மாசி பங்குனியில் குயில் கூவ ஆரம்பித்ததும் தமிழ்நாட்டில் 'கூ' என்று பதில் கூவாத பிள்ளை கிடையாது. குயிலும் விடுவதில்லை. சுருதியை ஏற்றிக்கொண்டே போகும். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண்குயில் வந்துவிட்டது என்று அதற்குக் கோபம், நமக்குப் பொழுதுபோக்கு. இந்த விளையாட்டு செல்போனுக்கு வந்ததும் விபரீதமாகிவிட்டது. பறவையின் குரலை ஸ்பீக்கரில் போட்டு, அது பதறி வெளியே வந்ததும் படம் எடுக்கிறார்கள். கூடு கட்டும் பருவத்தில் இல்லாத எதிரியோடு சண்டைபோட்டு அது களைத்துப்போகும். கரிச்சானாவது சாப்பாட்டுக்குப் பொய் சொல்கிறான்.

இந்தப் பகுதியில் பறவை பார்ப்பவருக்கு இடத்துக்குக் குறைவில்லை. செங்கல்பட்டு நகரத்தை ஒட்டிய கொளவாய் ஏரியை ரயில் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். கிழக்கே போனால் முட்டுக்காடு கழிமுகமும், கேளம்பாக்கம், கோவளம் உப்பளங்களும். பனிக்காலத்தில் உள்ளான்களும் ஆலாக்களும் வந்து இறங்கும். உள்ளான்களில் எது எது என்று பிரித்தறிவது பொறுமைக்கு வைக்கும் பரீட்சை. முதல் வருடம் எல்லோரும் தோற்பார்கள். வழியில் திருக்கழுக்குன்றம். உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் கடைசியில் வருகை நின்றுபோனது. நாடெங்கும் பாறுகள் அழிந்த காலம் அது.

வேடந்தாங்கலுக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். 1798-ல், வேட்டைக்கு வந்த வெள்ளைச் சிப்பாய்களின் துப்பாக்கியிலிருந்து பறவைகளைக் காக்க ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமைப் பத்திரம் வாங்கிய ஏரி. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1936-ல் அரசு சரணாலயமாக ஏற்றது. 2022-ல் பக்கத்துக் கரிக்கிலியோடு ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த முறை போகும்போது கண்காணிப்புக் கோபுரத்தில் கொஞ்சம் கண்ணை மூடிக் கேளுங்கள். அவ்வளவு இரைச்சலில் பெரியவர்களின் பங்கு சொற்பம். மஞ்சள்மூக்கு நாரைக்கும் நத்தைக்குத்திக்கும் வளர்ந்தபின் சொல்லிக்கொள்ளும்படி குரலே கிடையாது. அலகைத் தட்டித் தட்டித்தான் காதலும் சண்டையும். கூழைக்கடாவும் கிட்டத்தட்ட ஊமை. கத்துவதெல்லாம் பசியெடுத்த குஞ்சுகள். தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற பறவை மேடையில் பாதி நடிகர்களுக்கு வசனம் இல்லை.

கூண்டுக் கிளிக்கு மறுபடி வருகிறேன், சட்டத்துக்காக. நம் நாட்டுக் கிளி எந்த இனமானாலும் பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது மூன்றும் குற்றம். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது; இந்தியப் பறவைகளின் வியாபாரம் 1990களின் தொடக்கத்திலேயே முழுதாகத் தடை ஆனது; 2022 திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடற்கரையில் சீட்டெடுக்கும் ஜோசியக் கிளிக்கும் இதே சட்டம்தான். வளர்த்த கிளியை மனம் மாறித் திறந்துவிடுவதும் உதவி ஆகாது. பறந்து பழகாத, கூட்டத்தின் பாஷை தெரியாத கிளி காகத்துக்குப் போகும். வனத்துறையிடம் ஒப்படைத்தால் பழக்கி விடுவார்கள். மொட்டைப்பனைகளையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்ட மரம்தானே என்று செங்கல் சூளைக்கு வெட்டி அனுப்புகிறோம். கிளி, மைனா, ஆந்தை மூன்றுக்கும் அதுதான் வீடு. மனை வாங்கியவர்கள் ஒரு மொட்டைப்பனையை மூலையில் விட்டுவைத்தால், தை மாதத்தில் ஜன்னல் வழியாகக் கிளிக் குடும்பத்தைச் செலவில்லாமல் பார்க்கலாம். அவை என்ன பேசுகின்றன என்பது புரியாது. புரியாமல் கேட்பதும் நன்றாகத்தான் இருக்கும்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பொங்கல் விடுமுறையில் ஆரம்பிக்கலாம். 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, கண்ட பறவைகளையும் கேட்ட பறவைகளையும் எண்ணி 'இ-பேர்டு' செயலியில் ஏற்ற வேண்டும். மொட்டைமாடியிலிருந்து செய்தாலும் செல்லும். கேட்டதை மட்டும் வைத்தும் ஒரு பறவையைச் சேர்க்கலாம் என்பது அங்கே விதி. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வயலோரம் வல்லூறு குரல் கேட்டால் உடனே பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள். முதலில் மின்கம்பியைப் பாருங்கள். அங்கே கறுப்பாக ஒருவன் வாலைப் பிளந்து உட்கார்ந்திருந்தால், வல்லூறுக்கு நேரே ஒன்றும் போடாமல், கரிச்சான் 1 என்று மட்டும் எழுதுங்கள். குறிப்புப் பகுதியில் அவன் யார் குரலில் பேசினான் என்பதையும் சேர்த்து எழுதினால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இன்னும் உபயோகம்.